அவரையிலிருந்து அருமருந்து: அறிவியல் மேதை பெர்சி ஜூலியன்

நோய் தோன்றிய நாள் முதலாகவே மனிதன் மருந்தையும் தேடி வந்திருக்கிறான். வேலியோரத்து ஆடாதொடை இருமலைத் தணிக்கும் என்றும், கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு ஏற்றது என்றும், நொச்சித் தழையின் ஆவி தலைப்பாரத்தைக் குறைக்கும் என்றும் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். நம் அயோத்திதாசப் பண்டிதர் தமிழறிஞராக விளங்கியதோடு சித்த மருத்துவராகவும் திகழ்ந்தவர் என்பதை இம்மலரைப் படிக்கும் பலரும் அறிவர்.

ஆயினும் செடியை அறிவது அறிவின் முதற்படியே ஆகும். அச்செடியில் நோயைத் தணிக்கும் பொருள் எது? அதன் அமைப்பு யாது? எந்த அளவில் அது மருந்து, எந்த அளவில் நஞ்சு? செடி கிடைக்காத நாட்டிலும் அதனை எவ்வாறு செய்து கொள்வது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே மருந்து வேதியியல் என்னும் துறை. இத்துறையில் உலகம் வியக்கும் சாதனை புரிந்தவர்களுள் ஒருவர், அடிமைகளாக இருந்தவர்களின் பேரனாகப் பிறந்த ஒரு கறுப்பினத்தவர். பெர்சி லாவோன் ஜூலியன் என்பது அவர் பெயர். நம் சமுதாயத்து இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிய வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதலானோம்.

பிறப்பும் இளமையும்

ஜூலியன் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே அஞ்சல் பணியாளர்; தாயார் பள்ளி ஆசிரியை. அவர்களுக்கு மக்கள் அறுவர். ஜூலியனின் பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட குற்றத்திற்காக அவருடைய கைவிரல்கள் இரண்டு வெட்டப்பட்டன என்பது அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. கல்வி ஒரு குற்றமாக எண்ணப்பட்ட கொடுமையை நாமும் நம் முன்னோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். விரல் இழந்த அப்பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் அறுவரும் கல்லூரிப் படிப்பை எட்டினர் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

அக்காலத்து மாண்ட்கோமரியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிற்கு மேல் அரசினர் உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்கென இருந்த ஒரு பள்ளியில் கிடைத்த கல்வியோடு, 1916ஆம் ஆண்டு ஜூலியன் வடக்கே இண்டியானா மாநிலத்தின் கிரீன்காசில் நகரில் உள்ள டிபா பல்கலைக்கழகம் சென்று சேர்ந்தார். நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று முடித்து இலண்டனுக்குப் புறப்பட்டதும் அதே 1916ஆம் ஆண்டில்தான்.

போதிய பள்ளிக் கல்வி இல்லாமையால், பகலில் கல்லூரிப் பாடமும் மாலையில் உயர்நிலைப் பள்ளிப் பாடமுமாக இரண்டையும் சேர்த்துப் படிக்க நேர்ந்தது. மாணவர் விடுதியில் அவருக்கு இடமில்லை. ஊருக்கு வந்த புதிதில் உணவளிக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடிக்கவே ஒரு நாளுக்கு மேல் அலைந்தார். பின்னர் வெள்ளை மாணவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் அடுப்பு மூட்டியும் உணவு பரிமாறியும் பணி செய்து, அதன் மேல்மாடத்தில் ஒதுங்கிப் படித்தார். 1920ஆம் ஆண்டு பட்டம் பெற்றபோது வகுப்பிலேயே முதல் மாணவராக அவர் தேறினார். பிள்ளைகளின் படிப்புக்காகவே பெற்றோரும் பிறந்த ஊரை விட்டுக் கிரீன்காசிலில் குடியேறினர்.

மேற்படிப்பும் தடைகளும்

முதல் மாணவராகத் தேறியும் ஆராய்ச்சிப் படிப்புக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. இரண்டாண்டுகள் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். பிறகு உதவித்தொகை பெற்று ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று, 1923ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு முனைவர் பட்டத்திற்குப் படிப்போர் கீழ்வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்திப் பொருளீட்டுவது வழக்கம். ஒரு கறுப்பினத்தவர் பாடம் நடத்துவதை வெள்ளை மாணவர் ஏற்கமாட்டார் என்று காரணம் காட்டி அவ்வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. தகுதியை யாரும் குறை கூறவில்லை, பிறப்பே குறையாயிற்று.

மேற்கு வர்ஜீனியாவிலும் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் கற்பித்த பின், 1929ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்குச் சென்றார். அங்கு ஆல்கலாய்டு ஆராய்ச்சியில் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஸ்பாத்திடம் மாணவரானார். ஆல்கலாய்டு என்பது தாவரங்களில் இயற்கையாக உண்டாகும் நைட்ரஜன் கலந்த பொருள். மலேரியாவைப் போக்கும் குவினைன், வலியைத் தணிக்கும் மார்ஃபின் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. கோரிடாலிஸ் என்னும் மூலிகையின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்து 1931ஆம் ஆண்டு ஜூலியன் முனைவரானார். அமெரிக்கக் கறுப்பினத்தவருள் வேதியியலில் அப்பட்டம் பெற்ற முதல் சிலருள் அவரும் ஒருவர். நிறம் பார்க்காது மனிதராக நடத்தப்படும் வாழ்வு எப்படியிருக்கும் என்பதையும் அவர் வியன்னாவில்தான் அறிந்தார்.

காலபார் அவரையின் கதை

தாயகம் திரும்பிய ஜூலியன், சிறிது காலத்தில் தாம் பயின்ற டிபா பல்கலைக்கழகத்திற்கே ஆய்வாளராக வந்தார். வியன்னாவில் உடன் பயின்ற ஜோசப் பிக்கல் என்னும் நண்பரும் துணைக்கு வந்தார். இருவரும் எடுத்துக்கொண்ட பொருள் காலபார் அவரை.

இன்றைய நைஜீரியாவில் உள்ள காலபார் பகுதியில் விளையும் நச்சுக்கொட்டை இது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதனை உண்ணக் கொடுப்பர். வாந்தியெடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவர், இறந்தால் குற்றவாளி. உயிர் போக்கும் இக்கொட்டையின் சாறு கண்ணின் பாவையைச் சுருக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் எடின்பரோ மருத்துவர்கள் கண்டனர். கண்ணில் நீர் அழுத்தம் மிகுந்து பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோய்க்கு 1870களில் இது மருந்தாயிற்று. பாவையும் அதனைச் சார்ந்த தசையும் சுருங்கும்போது கண்ணில் தேங்கிய நீர் வடிவதற்கு வழி திறக்கிறது, அழுத்தம் தணிகிறது. இச்செயலைப் புரியும் ஆல்கலாய்டின் பெயர் ஃபைசோஸ்டிக்மின்.

இப்பொருளை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகச் செய்து காட்டுவதில் அன்று பலரும் முயன்றனர். அவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபர்ட் ராபின்சன். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவர் வெளியிட்ட முடிவும் ஜூலியன் கண்ட முடிவும் முரண்பட்டன. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஒருபுறம். நிலையான பதவிகூட இல்லாத இளைஞர் மறுபுறம். ஜூலியன் அஞ்சவில்லை. ராபின்சன் செய்தது பிழை என்று அச்சிலேயே அறிவித்தார். தாம் செய்த பொருளின் உருகுநிலை, கொட்டையிலிருந்து எடுத்த பொருளின் உருகுநிலையோடு சரியாகப் பொருந்துவதை மெய்ப்பித்தார். 1935ஆம் ஆண்டு ஃபைசோஸ்டிக்மின் முழுவதுமாக ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது. வெப்பமானி நிறம் அறியாது. அது காட்டிய எண்ணை எவராலும் மறுக்க இயலவில்லை.

கிளாக்கோமாவிற்கு இன்று வேறு மருந்துகளே பெரிதும் வழங்குகின்றன. எனினும் ஃபைசோஸ்டிக்மின் பயனற்றுப் போய்விடவில்லை. நம் ஊர்ப்புறங்களில் மண்டிக் கிடக்கும் ஊமத்தையின் நஞ்சுக்கு மாற்று மருந்தாக மருத்துவர்கள் அதனை அறிவர். முதியோரின் மறதி நோய்க்குத் தரப்படும் ரிவாஸ்டிக்மின் என்னும் மருந்தும் அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்ததே.

சோயா மொச்சையும் ஒரு கசிவும்

இத்தனை புகழுக்குப் பின்னும் டிபா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. பெரிய நிறுவனமொன்று வெள்ளையரான பிக்கலுக்கு வேலை தந்து, தலைமை தாங்கிய ஜூலியனைக் கைவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் அவரை ஏற்க முன்வந்தது. ஆனால் கறுப்பினத்தவர் இரவில் தங்கலாகாது என்பது அவ்வூரின் விதி. இறுதியில் 1936ஆம் ஆண்டு சிகாகோவின் கிளிடன் நிறுவனம் அவரைச் சோயா பொருள் பிரிவின் ஆராய்ச்சித் தலைவராக அமர்த்தியது. பல்கலைக்கழகம் இழந்ததைத் தொழிற்சாலை பெற்றது.

அதற்கு முந்திய ஆண்டில் அவர் மணந்த அன்னா ஜான்சன் அம்மையார் 1937ஆம் ஆண்டு சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நம் மாணவியர் இதனையும் குறித்துக்கொள்வார்களாக.

காலபார் அவரையை ஆராய்ந்த நாளில் ஜூலியன் ஒன்றைக் கவனித்திருந்தார். அதன் எண்ணெயைக் கழுவி வைத்தபோது வெண்ணிறப் படிகங்கள் படிந்தன. ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் பொருள் அது. மனித உடலின் ஹார்மோன்களைச் செய்ய அதுவே ஏற்ற மூலப்பொருள். சோயா எண்ணெயிலும் அது உண்டு. பிரித்தெடுக்கும் வழிதான் எளிதாக இல்லை. 1940ஆம் ஆண்டில் ஒரு நாள், தொழிற்சாலையின் பெரிய எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கசிந்து எண்ணெய் கெட்டது என்று செய்தி வந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பிறர் கண்ணுக்கு அது வீணாய்ப் போன எண்ணெய்; ஜூலியன் கண்ணுக்கோ முன்பு அவரையில் கண்ட அதே படிகம். அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைப் பெருமளவில் செய்யும் வழியை அமைத்தார். கருச்சிதைவைத் தடுக்க மருத்துவர்கள் அந்நாளில் நாடிய மருந்து அது. தற்செயல் எல்லோர் வாழ்விலும் நிகழ்கிறது. அதனை அடையாளம் காணக் கற்ற அறிவு வேண்டும்.

அவர் பிரித்தெடுத்த சோயாப் புரதத்தைக் கொண்டு உருவான தீயணைக்கும் நுரை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையினர் பலரின் உயிரைக் காத்தது.

1949ஆம் ஆண்டு, முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்தோரைக் கார்ட்டிசோன் என்னும் மருந்து எழுந்து நடக்கச் செய்கிறது என்று மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் அறிவித்தனர். அன்று அது மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் மிகுந்த செலவில் செய்யப்பட்டது. ஏழைக்கு எட்டாத மருந்து. ஜூலியன் சோயாவைக் கொண்டு, கார்ட்டிசோனைவிட ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே குறைந்த பொருளைச் செய்யும் வழியை அவ்வாண்டிலேயே கண்டார். அக்குறையை நுண்ணுயிர்களைக் கொண்டு நிரப்பும் வழியை வேறு நிறுவன ஆய்வாளர்கள் 1952இல் கண்டனர். கார்ட்டிசோனைக் கண்டுபிடித்தவரே ஜூலியன் என்று சிலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. பலர் கட்டிய பாலத்தில் ஒரு முதன்மையான தூணை நிறுத்தியவர் அவர். அப்பெருமையே அவருக்குப் போதும்.

வெடிகுண்டுக்கும் அசையாத நெஞ்சு

1950ஆம் ஆண்டு சிகாகோ நாளிதழ் ஒன்று அவரை அந்நகரின் அவ்வாண்டுச் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அவர் அருகிலிருந்த ஓக் பார்க் என்னும் ஊரில் ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர் வாழும் தெரு அது. வழக்கு மன்றம் செல்வோம் என்று எச்சரித்த பிறகே வீட்டிற்குத் தண்ணீர் இணைப்புக் கிடைத்தது. குடியேறும் முன்பே வீட்டிற்குத் தீ வைக்க முயன்றனர். 1951ஆம் ஆண்டு ஜூன் மாதம், பெற்றோர் வெளியூர் சென்றிருக்கக் குழந்தைகள் உறங்கிய இரவில், டைனமைட் வெடியை வீட்டின் மீது வீசினர். நல்வாய்ப்பாக எவருக்கும் காயமில்லை. ஜூலியன் வீட்டை விற்கவில்லை. மைந்தனோடு இரவெல்லாம் காவலிருந்தார். அண்டை வீட்டார் சிலரும் துணை நின்றனர்.

தண்ணீர் மறுக்கப்படுவதும் தெரு மறுக்கப்படுவதும் நமக்குப் புதியன அல்ல. படித்து உயர்ந்துவிட்டால் இழிவு தானே நீங்கிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஜூலியன் வாழ்வு அவ்வாறு சொல்லவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர் வீட்டிலும் வெடி வீழ்ந்தது. ஆனால் கல்வி அவருக்கு நின்று எதிர்க்கும் வலிமையைத் தந்தது. தம் மக்களின் உரிமை வழக்குகளை நடத்த 1967ஆம் ஆண்டு நிதி திரட்டும் பணியில் அவர் முன்னின்றார். தம் ஆய்வுக்கூடத்தில் கறுப்பின வேதியியலாளர் பலருக்கு வேலை தந்தார். 1953ஆம் ஆண்டு கிளிடனை விட்டு நீங்கித் தொடங்கிய தம் நிறுவனத்தை 1961இல் 20 இலட்சம் டாலருக்கு மேல் விற்றார். 1973ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

பேராசிரியர் பதவி மறுத்த டிபா பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டு தன் அறிவியல் மையத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. வெடி வீசிய ஓக் பார்க்கில் 1985ஆம் ஆண்டு ஒரு பள்ளி அவர் பெயரைப் பெற்றது. 1993ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

அன்பார்ந்த இளைஞர்களே! எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோன ஊரில் பிறந்தவர் ஜூலியன். நமக்கோ மேல்நிலைப் பள்ளி அருகிலேயே இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விக் கழகம் இருக்கிறது. அவ்வாறிருந்தும், அறிவியல் பாடப்பிரிவு நம்மால் ஆகாது என்று விண்ணப்பத் தாளை வாங்கும் முன்பே பின்வாங்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த அச்சத்தை விடுக. வேதியியல் எவர் வீட்டுச் சொத்தும் அன்று.

மூலிகையைப் போற்றுவோம், அதே நேரத்தில் அளவறியாது எவரோ சொன்னார் என்று பச்சிலையை அரைத்துக் குடிக்கும் பழக்கத்தை விடுவோம். காலபார் அவரை கொல்லவும் செய்தது, கண் கொடுக்கவும் செய்தது. இரண்டிற்கும் இடையே நின்றது ஆராய்ச்சி. நம் வேலியோரத்துச் செடிகளில் இன்னும் ஆராயப்படாத பொருள்கள் எத்தனையோ உள. அவற்றை எடுத்து, அளந்து, சோதித்து உலகிற்கு அளிக்கும் ஆய்வாளர் நம் தெருவிலிருந்தும் தோன்ற வேண்டும். நம் கழகம் பொன்விழாக் காணும்போது வெளிவரும் மலரில், அத்தகைய ஒருவரின் வரலாறு இடம்பெறுவதாக!