வெள்ளி நாக்கு சாஸ்திரி: பேச்சில் ஜெயித்ததும் தோற்றதும்

இன்றைய வார்த்தை: சில்வர்-டங்டு.

பொருள்: கேட்பவர் மனசு இளகும்படி இனிமையாகப் பேசுகிற.

உதாரணம்: ஷீ வாஸ் சில்வர்-டங்டு, பட் தி கிளையன்ட் செட் நோ. அதாவது, அவங்க அருமையா பேசினாங்க. ஆனா கிளையன்ட் ஒத்துக்கலை.

பிரிட்டிஷ் பேரரசின் 'சில்வர்-டங்டு' பேச்சாளர் என்று பெயரெடுத்தவர் ஒரு தமிழர்: வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869-ல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்.

1921-ல் லண்டன் மாநாடு. பேரரசின் மற்ற நாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்குச் சம உரிமை வேணும்னு வாதாடினார். தென்னாப்பிரிக்கா மட்டும் மறுத்தது. மற்ற நாடுகள் ஏற்றன.

1923-ல் கென்யா இந்தியர்களுக்காக மறுபடி லண்டன் போனார். அதே இங்கிலீஷ், அதே நாக்கு. ஆனா, வளமான மேட்டுநிலம் வெள்ளையருக்கே என்று பிரிட்டன் முடிவு செய்துவிட்டது. சாஸ்திரி நொந்துபோனார்.

அதோடு வாயை மூடிக்கொள்ளவில்லை. 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாகத் தென்னாப்பிரிக்கா போனார். அவர் முயற்சியால் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி வந்தது. அதன் பெயர் சாஸ்திரி கல்லூரி.

1944-ல் மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி இங்கிலீஷில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1946-ல் காலமானார்.

இப்போ உங்க டர்ன்: 'சில்வர்-டங்டு' வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க. 'பட்' வந்தாலும் பரவாயில்லை.