தன்னுடலே சோதனைக்களம்

பாரிசு நகரின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில், 1892ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், இளைஞர் ஒருவர் தாம் உருவாக்கிய காலராத் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டு மீண்ட பின்னரே, அதனைப் பிறருக்கு இடலாம் என்று துணிந்தார்.

அவர் வால்டெமர் ஹாஃப்கின். 1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். விலங்கியல் கற்றவரேயன்றி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது நூலகப் பணியே. ஆதலால் அவர் கண்டுபிடிப்பை மருத்துவ உலகம் ஐயத்துடன் நோக்கியது. காலரா மிகுந்திருந்த இந்தியாவில் அதன் பயனை மெய்ப்பிக்க எண்ணி, 1893இல் இங்கு வந்தார்.

1894 மார்ச்சில் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் காலரா பரவியது. அங்கு மண் குடிசைகள் குளங்களைச் சுற்றி நெருங்கியிருந்தன. பல குடும்பங்களுக்கும் ஒரே குளமே குடிநீர் தந்தது. நோய் பரவ வேறென்ன வேண்டும்? கட்டல் பாகான் என்னும் பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ இருநூறு பேரில் 116 பேர் ஊசி இட்டுக்கொண்டனர். அதன்பின் பத்துப் பேரைக் காலரா பற்றியது, எழுவர் மாண்டனர். அப்பதின்மருள் ஒருவரும் ஊசி இட்டுக்கொண்டவர் அல்லர். ஒரே நீரைக் குடித்து, ஒரே இடத்தில் வாழ்ந்தோரிடையே தோன்றிய இவ்வேறுபாடே வலிய சான்றாயிற்று.

எனினும் ஊசியைக் கண்டு மக்கள் அஞ்சினர். வேற்று நாட்டவர் தரும் மருந்தை எங்ஙனம் நம்புவது? ஹாஃப்கினும் உடன் உழைத்த இந்திய மருத்துவர்களும் மக்கள் முன்னிலையில் தாமே ஊசி இட்டுக்கொண்டனர். கூலி வேலைக்குச் செல்வோரைக் காண விடியுமுன்னரே சென்றனர். அவர்கள் திரும்பிய பின், எண்ணெய் விளக்கின் ஒளியில் பணியைத் தொடர்ந்தனர்.

பம்பாயைப் பிளேக் வாட்டியபோதும் அவர் தடுப்பூசி கண்டார். 1897 சனவரியில் அதனையும் முதலில் ஏற்றது அவர் உடலே. ஆனால் 1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் அவ்வூசி இட்டுக்கொண்ட 107 பேருள் 19 பேர் வில்வாத நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. குப்பியை ஊரில் திறந்தபோது, கீழே விழுந்த இடுக்கியை முறையாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதே காரணம் என அறிஞர்கள் வாதாடினர். 1907இல் பழி நீங்கியது. மீண்டும் கல்கத்தா வந்தார். எனினும், மக்களிடையே சென்று தடுப்பூசி ஆய்வு நடத்தும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரை ஏற்றது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.