பிரியாவிடை மீட்பாக மாறிய படம்

1915 நவம்பரில் அந்தாட்டிக்காவின் வெடல் கடலில், மிதக்கும் பனிப்படுகை ஒன்றின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து கண்ணாடி நெகட்டிவ்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பயணத் தலைவர் ஏர்னஸ்ட் ஷக்கிள்டன். மற்றவர் ஒளிப்படக் கலைஞர் பிராங் ஹேர்லி. வைத்திருக்க முடிந்தவை சுமார் 120. மீதி 400 வரையானவற்றை அந்த இடத்திலேயே உடைத்தார்கள். விட்டுச் சென்றால், மனம் மாறித் திரும்ப எடுக்கத் தோன்றும் என்பதுதான் காரணம். வீட்டை விட்டுப் புறப்படும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று நின்றவர்களுக்கு அந்த நேரத்தின் கனம் புரியும்.

ஹேர்லி 1885இல் சிட்னியில் பிறந்தவர். 13 வயதில் வீட்டை விட்டு ஓடி, இரும்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் கமெராவைத் தவணைக் காசு கட்டித்தான் வாங்கினார். 1911இல் டக்ளஸ் மோசனின் குழுவோடு முதன்முறையாக அந்தாட்டிக்கா போனார். 1914இல் ஷக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலில் ஏறினார்.

1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிறைப்பட்டது. பனியின் நெருக்குதலில் நொறுங்கிய அதை ஒக்டோபர் இறுதியில் 28 பேரும் கைவிட்டார்கள். நெகட்டிவ்கள் தகரப் பெட்டிகளில் கப்பலுக்குள் மூழ்கிக் கிடந்தன. ஹேர்லி உடைகளைக் கழற்றிவிட்டு உறைநீரில் இறங்கி அவற்றை மீட்டார். ஆனால் பாரமான கமெராக்களைக் கொண்டுபோக வழியில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறிய கொடக் கமெராவும் மூன்று பிலிம் சுருள்களும்தான் மிஞ்சின. அடுத்து வந்த மாதங்களில் அவற்றால் அவர் எடுத்த படங்கள் 38 மட்டுமே.

அவற்றில் ஒன்று 1916 ஏப்ரல் 24இல் எலிபன்ட் தீவில் எடுக்கப்பட்டது. ஷக்கிள்டனும் ஐந்து பேரும் உதவி தேடி, சுமார் 1,300 கிலோமீற்றர் தொலைவிலிருந்த தென் ஜோர்ஜியாவுக்கு ஒரு சிறு படகில் புறப்பட்ட நாள் அது. கரையில் நின்ற மற்றவர்கள் கையசைக்கிறார்கள். படகு திரும்பி வருமா என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. கறுப்புக் கரை, வெளிறிய கடல், சின்ன உருவங்கள். அவ்வளவுதான் படம்.

ஓகஸ்ட் 30இல் சிலிநாட்டுக் கப்பல் ஒன்று வந்து, தீவில் தங்கியிருந்த 22 பேரையும் ஏற்றிச் சென்றது. எண்டூரன்ஸில் போன 28 பேரும் உயிர் தப்பினார்கள். பின்னர் அந்தப் பிரியாவிடைப் படம் மாற்றப்பட்டு, மீட்புக் காட்சியாக வெளியிடப்பட்டது. வழியனுப்பக் கையசைத்தவர்கள், கப்பலைக் கண்டு ஆரவாரிப்பவர்களாக ஆனார்கள்.

இந்தப் பழக்கம் அவரைப் போர்க்களத்துக்கும் தொடர்ந்தது. 1917இல் அவுஸ்திரேலியப் படையின் உத்தியோகபூர்வ ஒளிப்படக் கலைஞராக பெல்ஜியத்தின் ஈப்ரஸ் களமுனைக்குப் போனார். உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்தார். ஆனால் ஒற்றை நெகட்டிவில் போர் அடங்காது என்று சொல்லி, பலவற்றை ஒன்றாக இணைத்து அச்சிட விரும்பினார். பின்னாளில் போர் வரலாற்றை எழுதிய சார்ள்ஸ் பீன், அது பொய் என்று கடுமையாக எதிர்த்தார். ஹேர்லி பதவி விலகப் போவதாக மிரட்டினார். கடைசியில், இணைத்தவை என்று குறிப்பிடும் நிபந்தனையோடு சில படங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஹேர்லி 1962இல் சிட்னியில் காலமானார். அவரது துணிச்சலில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆயினும் பீன் கேட்டது நியாயமே. போரில் ஆட்களை இழந்தவர்களுக்கு ஒரு படம் சாட்சியம். அதில் ஒரு மேகத்தைக் கூட்டினாலும், அருகிலிருக்கும் உண்மையான உடலையும் பொய் என்று சொல்ல மறுப்பவனுக்கு இடம் கிடைத்துவிடும்.

எலிபன்ட் தீவுப் படத்தை மீட்புக் காட்சி என்று நம்பிப் பார்த்தவர்கள் இழந்ததும் அதுதான். யாரும் வருவார்களா என்று தெரியாமல் அந்த 22 பேர் காத்திருந்த நான்கு மாதங்கள் அந்தப் படத்தில் இல்லாமல் போயின.