ஆசானின்றிப் பறந்த பெருமகன்

மழைக்காலத்து மாலைகளில் இறம்பொடையில் விளக்கேற்றியதும் விட்டிற்பூச்சிகள் வந்து சூழும். அவற்றைக் காணுந்தோறும் சேர் ஜெஃப்ரி டி ஹவிலண்ட் என்னும் ஆங்கிலேயரை நினைப்பேன். பூச்சியினங்களை ஆராய்வதில் பேரீடுபாடு கொண்ட அவர், தாம் ஆக்கிய சிறு விமானங்களுக்கு விட்டிலைக் குறிக்கும் 'மொத்' என்ற பெயரையே சூட்டினார்.

அவர் 1882ஆம் ஆண்டில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். பாட்டனார் அளித்த பணத்தைக் கொண்டு முதல் விமானத்தைக் கட்டினார். இறக்கைத் துணியைத் தைத்தவர் அவர் மனைவி லூயிஸ். 1909 டிசெம்பரில் அவ்விமானம் எழுந்தவுடனே வீழ்ந்து நொறுங்கிற்று. அவர் தளர்ந்தாரல்லர். சிதைவினின்று இயந்திரத்தை மீட்டு, மற்றொன்று சமைத்தார். 1910இல் செவன் பரோஸ் என்னும் புல்வெளியில் அது பறந்தது. கற்பிப்பார் ஒருவருமின்றித் தாமே பறக்கக் கற்றார்.

ஆசானின்றிக் கற்ற அவரே கற்போருக்கான விமானங்களை உலகுக்கு அளித்தார். 1931இல் தோன்றிய 'டைகர் மொத்' 8,000க்கும் மேலாகக் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானிகள் பல்லாயிரவர் அதிலேதான் அரிச்சுவடி பயின்றனர். ஆசிரியர் முன்னிருக்கையிலும் மாணாக்கர் பின்னிருக்கையிலும் அமர்வர். பேச்சுக்குழாய் ஒன்றே இருவரையும் இணைக்கும். மாணாக்கரின் பிழையை அவ்விமானம் பொறுக்கும், ஆயின் மறைக்காது. இதனினும் சிறந்த ஆசிரிய இலக்கணத்தை யான் அறியேன்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1935இல் இரத்மலானையில் முதன்முதல் இறங்கியது, சென்னையிலிருந்து வந்த அவரது 'புஸ் மொத்' விமானமே. 1951இல் தோன்றிய இலங்கை அரச விமானப்படையின் இளைஞர் முதலிற் பயின்றதும், அவர் நிறுவனத்தின் கனடாக் கிளை உருவாக்கிய 'சிப்மங்க்' விமானத்திலேயாம்.

எனினும் வானம் அவரிடம் பெருவிலை கேட்டது. 1943இல் இளைய மகன் ஜோன், விமானங்கள் இரண்டு மோதியதில் மாண்டார். 1946இல் மூத்த மகன் ஜெஃப்ரி, புதிய விமானமொன்றைச் சோதிக்கையில் உயிர்நீத்தார். இருவரும் பறந்தவை தந்தையின் நிறுவனத்து விமானங்களே. மனம் நொந்த லூயிசும் 1949இல் மறைந்தார்.

அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்த அவர், 1965இல் காலமானார். அவரது சாம்பல் விமானத்திலிருந்து செவன் பரோஸ் வெளியில் தூவப்பெற்றது. இரு மைந்தரைக் கொண்ட வானத்தை அவர் இறுதிவரை வெறுத்திலர்.

ஒருமுறை வீழ்ந்தமைக்கே கல்வியைக் கைவிட எண்ணும் மாணவரைக் காணும்போதெல்லாம், யான் இவர் கதையைச் சொல்வதுண்டு.