ஒரு கையால் மலையேறிய பவல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் கொலராடோ என்னும் பேராறும், அதனோடு கலக்கும் கிரீன் ஆறும் பாய்கின்றன. மழை அரிதாகிய அப்பாலை நிலத்தில் அவ்வாறுகள் பாறைகளை அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அமைத்துள்ளன. இருமருங்கும் மணற்கற் பாறைகள் மதில்போலவும் கோபுரம்போலவும் செங்குத்தாக நிற்கும். பழங்குடியினர் நன்கறிந்த அந்நிலம், 1869-ஆம் ஆண்டுவரை நிலப்படத்தில் பெரிதும் வெற்றிடமாகவே இருந்தது. அதனை அளந்தறியப் புறப்பட்டவர் ஜான் வெஸ்லி பவல் என்பார். அவருக்கு வலக்கை இல்லை.

பவல் 1834-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்திற் பிறந்தார். உள்நாட்டுப் போரில் வடபுலப் படையிற் சேர்ந்து, 1862-ஆம் ஆண்டு ஷைலோ என்னுமிடத்தில் குண்டடிபட்டு வலக்கையை இழந்தார். ஆயினும் படையை விட்டு நீங்கினாரல்லர். போர் முடிந்தபின் நிலநூற் பேராசிரியரானார். 1868-இல் 14,000 அடிக்கு மேற்பட்ட லாங்ஸ் சிகரத்தின் உச்சியை அடைந்தார்.

மறு ஆண்டு மே 24-ஆம் நாள், ஒன்பது தோழருடன் நான்கு படகுகளில் கிரீன் ஆற்றிற் புறப்பட்டார். வழியில் தங்குமிடந்தோறும் பாறைகளின் மேல் ஏறுவது அவர் வழக்கம். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். பாரமானியின் பாதரசமும் இறங்கும். அவ்விறக்கத்தைக் கொண்டு பாறையின் உயரத்தைக் கணக்கிடலாம்.

யாம்பா ஆறு கிரீன் ஆற்றொடு கலக்குமிடத்தில் பெரும்பாறை ஒன்று உண்டு. ஒரு நாள் பவலும் பிராட்லி என்னும் தோழரும் அதன்மீது ஏறினர். நெடுந்தொலைவு ஏறியபின், பவல் ஓரிடத்தில் தாவி, பாறைப் பிளவிற் காலை ஊன்றி, தலைக்கு மேலிருந்த முனையை இடக்கையாற் பற்றினார். அதன்பின் அவரால் ஏறவும் இயலவில்லை, இறங்கவும் இயலவில்லை. வேறு பிடிப்பைத் தேட மற்றொரு கை ஏது? கீழே அறுபது எண்பது அடிப் பள்ளம். விரல் நுனியில் நின்ற கால்கள் நடுங்கத் தொடங்கின.

பிராட்லி வேறு வழியாகச் சுற்றி மேலே சென்றார். அவர் கை எட்டவில்லை. நீட்டுவதற்குக் கோலோ மரக்கிளையோ கிடைக்கவில்லை. உடனே தாம் அணிந்திருந்த நீண்ட உள்காற்சட்டையைக் களைந்து கீழே தொங்கவிட்டார். அதனைப் பற்றவேண்டுமாயின், பவல் தமக்கிருந்த ஒரே பிடியை விட்டாகவேண்டும்! துணி கிழியுமோ என எண்ண நேரமில்லை. பாறையோடு உடலை ஒட்டிக்கொண்டு கையை விட்டார். மறுகணமே துணியைப் பற்றினார். பிராட்லி அவரை மேலே இழுத்துக்கொண்டார். இருவரும் உச்சிக்குச் சென்று, வந்த வேலையாகிய உயர அளவையை முடித்தே மீண்டனர்.

இந்நிகழ்ச்சியை அப்பாறையில் நடந்ததாகப் பவல் தம் நூலிற் கூறினார். பிராட்லியின் நாட்குறிப்போ, சில வாரங்களுக்குப்பின் வேறொரு பள்ளத்தாக்கில் நடந்ததாகக் குறிக்கிறது. உயிர் காத்தவர் அதனை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டது நோக்கத்தக்கது.

ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் பயணம் முடிந்தபோது அறுவரே எஞ்சினர். முன்பே ஒருவர் விலகிச் சென்றிருந்தார். கடைசி நாள்களில் நீர்ச்சுழலுக்கு அஞ்சி, மூவர் பாறைவழி ஏறிப்போயினர். அவர்கள் உயிருடன் மீளவில்லை.

பின்னர்ப் பவல் அரசின் நிலவியல் அளவைத் துறைக்குத் தலைவரானார். பாலை நிலம் முழுவதையும் உழுவதற்கு அங்குள்ள நீர் போதாது என்பது அவர் கண்ட உண்மை. 1893-இல் லாஸ் ஏஞ்சலிசில் நடந்த பாசன மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது, கூடியிருந்தோர் கூச்சலிட்டு எதிர்த்தனர். பவல் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பதவியினின்று விலகினார். 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் மறைந்தார்.