லிதியா ருஸ்லானோவா: மக்கள் பாடலும் அரசின் பட்டமும்

முன்னுரை

நாட்டார் பாடகர் ஒருவரின் வாழ்வை ஆராயுங்கால், அவர் பாடல் எவரிடமிருந்து பிறந்து எவரைச் சென்றடைந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். ரஷ்ய நாட்டார் பாடகருள் சிறப்பிடம் பெற்ற லிதியா ருஸ்லானோவாவின் (1900-1973) வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். சோவியத் அரசு இவரைப் போற்றியது, சிறையிலிட்டது, பின்னர் விடுவித்தது. இம்மூன்று நிலைகளிலும் இவர் பாடலுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு அறுபடவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

இளமையும் பயிற்சியும்

வோல்கா ஆற்றை ஒட்டிய சரத்தோவ் மாநிலத்தில், ஏழை உழவர் குடும்பத்தில் ருஸ்லானோவா பிறந்தார். தந்தை ரஷ்ய-ஜப்பானியப் போருக்குச் சென்றார்; தாய் இவருடைய சிறுவயதிலேயே மறைந்தார். பாட்டியின் ஒப்பாரியும் சிற்றூர்ப் பாடல்களுமே இவர்தம் முதற்கல்வி. ஊர் ஊராகப் பாடி இரந்துண்ட இச்சிறுமி, அநாதை இல்லத்தில் சேர்ந்தபின் தேவாலயப் பாடற்குழுவில் பாடினார். மரச்சாமான் தொழிற்சாலையில் உழைத்தார். முதல் உலகப்போரில் செவிலியராகப் பணியாற்றினார். சரத்தோவ் இசைக்கல்லூரியில் சிறிதுகாலம் பயின்றும், அம்முறை தம் குரலுக்கு உரியதன்று எனத் தெளிந்து, சிற்றூர்ப் பெண்டிர் பாடும் முறைக்கே திரும்பினார். இம்முடிவே இவர் கலைவாழ்வின் அடித்தளம் எனலாம்.

மேடையும் போர்க்களமும்

1920களில் தொழில்முறைப் பாடகராக மேடையேறினார். வண்ண உடையும் தலைத்துணியும் அணிந்து உழவர் குலப் பெண்ணாகவே காட்சியளித்தார். 1930களில் இசைத்தட்டுகளும் வானொலியும் இவர் குரலை நாடெங்கும் பரப்பின. குளிர்காலக் கம்பளிக் காலணியைப் பற்றிய 'வாலென்கி' என்னும் பாடல் இவர் பெயரோடு பிரிக்கவியலாதவாறு இணைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது போர்முனைகளில் வீரர்களுக்காகப் பாடினார். தம் சொந்தப் பொருளைக்கொண்டு 'கத்யூஷா' ஏவுகணைப் படைப்பிரிவுகளை அமைக்க உதவினார். 1942இல் ரஷ்யக் குடியரசின் தகைசால் கலைஞர் என்னும் பட்டம் பெற்றார். 1945 மே மாதத்தில், வீழ்ந்த பெர்லினில் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் முன் பாடினார்.

சிறையும் மீட்சியும்

இவர்தம் கணவர் விளாதிமிர் கிரியூக்கோவ், படைத்தலைவர் ஷூக்கோவுக்கு நெருக்கமானவர். போருக்குப்பின் ஸ்டாலினின் ஐயம் ஷூக்கோவைச் சூழ்ந்தபோது, அவரைச் சார்ந்தோரும் இலக்காயினர். 1948 செப்டம்பரில் கணவன் மனைவி இருவரும் கைதாயினர். ருஸ்லானோவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் திரட்டிய ஓவியங்களும் அணிகலன்களும் பறிமுதலாயின. சைபீரிய முகாமிலும் பின்னர் விளாதிமிர் நகரச் சிறையிலும் அடைபட்டிருந்த இவர், ஸ்டாலின் மறைந்தபின் 1953இல் விடுதலை பெற்றார். அவ்வாண்டிலேயே மீண்டும் மேடையேறினார். 1959இல் கணவரை இழந்தபின்னும் பாடுவதை முற்றிலும் கைவிடவில்லை. 1973 செப்டம்பர் 21 அன்று மாஸ்கோவில் காலமானார். நோவொதேவிச்சி இடுகாட்டில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நிறைவுரை

சோவியத் அரசு தலைசிறந்த கலைஞர்க்கு வழங்கிய 'மக்கள் கலைஞர்' பட்டம் ருஸ்லானோவாவுக்கு இறுதிவரை கிட்டவில்லை. எனினும் அரசால் பறிமுதல் செய்ய இயன்றவை ஓவியமும் அணிகலனுமே. பாட்டியிடமிருந்து பெற்ற பாடல், அதற்குள் கேட்டோர் நாவிற்குச் சென்று சேர்ந்துவிட்டது. சிறையிலிருந்து மீண்டவரை அவையோர் ஏற்றுக்கொண்டமைக்கு இதுவே காரணம். நாட்டார் பாடகரின் தகுதியை அளக்கப் பட்டம் போதாது. அவர் இல்லாத இடத்திலும் அப்பாடல் பாடப்படுகின்றதா என்பதே உரிய அளவுகோல் என இவ்வாழ்வு உணர்த்துகின்றது.