பொதுத்தெருவைக் கேட்ட உறுப்பினர்: இரட்டைமலை சீனிவாசன்

சொத்தும் வரியும் வாக்குரிமைக்கு அளவுகோலாக இருந்த காலம். 1920-இல் அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 127 உறுப்பினர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஒடுக்கப்பட்டோருக்குக் கிடைத்தவை ஆளுநர் நியமித்த சில இடங்களே. 1923-இல் அத்தகைய நியமன உறுப்பினராக நுழைந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த அவர், நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். இழிவாக உச்சரிக்கப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1921-இல் தாயகம் திரும்பினார்.

பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924-இல் அவர் முன்மொழிந்தார். மன்றம் அதனை நிறைவேற்றியது. அரசும் ஆணையாக வெளியிட்டது. எனினும் தடுப்போரைத் தண்டிக்கும் வலிமை தீர்மானத்துக்கு இல்லை. சென்னையில் எழுதப்பட்ட உரிமை சிவகிரி போன்ற தொலைதூர ஊர்களின் தெருக்களை எட்ட, ஒடுக்கப்பட்ட மக்களே துணிந்து நடக்க வேண்டியிருந்தது.

நியமனம் உரிமையாகாது. ஆகவே 1930, 1931 வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் நின்று தனித்தொகுதி கோரினார். 1932-இல் அதனைக் கைவிட்ட பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட நேர்ந்தது. 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். சேரி தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அக்கோரிக்கை இன்றும் நிறைவேறவில்லை.